சேவூர்க் கடற்கரையில் ஒரு பொறுப்புள்ள பார்வையாளர்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே திடமாகத் தெரியவில்லை. மணல் வந்தது இருபத்திரண்டு லாரியா, பன்னிரண்டு லாரியா என்று கேட்டால் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் வருகிறது. எண்பத்திரண்டாம் வருஷமா, அதற்கடுத்த வருஷமா என்பதும் அப்படித்தான். 'ஆரணிக் கடற்கரை' என்று பச்சைப் பெயின்டில் எழுதிய பலகையைக் கண்ணால் பார்த்தேனா, அதற்கான கோப்பை மட்டும் பார்த்தேனா என்று யாராவது குறுக்கே கேட்டால் தடுமாறிப் போவேன். ஆனால் குப்புராஜின் வாக்குமூலம் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. அதை எழுதியவன் நான்.

அப்போது நான் கடற்கரை நடத்தைப் பிரிவின் ஆரணி அலுவலகத்தில் இளநிலை எழுத்தராக இருந்தேன். அரிசி மண்டி ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். கீழே மூட்டை பிரிக்கும்போதெல்லாம் தவிட்டுத் தூசு மேலே ஏறி வந்து கோப்புகளின் மீது படியும். ஆரணியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் எந்த பஸ்ஸில் ஏறினாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே எதற்கு அப்படி ஓர் அலுவலகம் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். மாடி காலியாக இருந்தது என்றார்கள்.

அந்தத் தை மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் கடற்கரைக்குப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. விளக்கு எதையும் காட்டக்கூடாது. ஆமைக்கு முன்னால் போய் நிற்காமல், பின்பக்கம் விலகி, சத்தமில்லாமல் இருக்க வேண்டும். முட்டையையோ குஞ்சையோ தொடக்கூடாது. மணலில் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டு, கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். கரையோர வீடுகளில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிட வேண்டும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து வழி தவறிப் போகும். இதை எழுதியவர் யாரோ, அவர் ஒரு முறையாவது ஆமையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். அந்தத் தாளில் அசிங்கமாக ஒன்றும் இல்லை. அசிங்கம் அது எங்கள் கைக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

ஒவ்வொரு தாலுகாவிலும் இருநூறு பேரைப் பொறுப்புள்ள பார்வையாளர்களாகப் பயிற்றுவித்துச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்பது கடைசி வரி. 'இத்தாலுகாவில் கடற்கரை ஏதும் இல்லை' என்று ஒரு வரியில் பதில் எழுதிச் சிறப்பு அலுவலர் அருணகிரியின் மேஜையில் வைத்தேன். அவர் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல் எண்ணெயை மை ஒற்றும் தாளில் துடைத்துவிட்டு என் கடிதத்தைப் படித்தார். துடைத்தது போதாமல் அதன் ஓரத்திலும் கொஞ்சம் துடைத்தார்.

"கடல் இல்லன்னு எழுதறது ஒரு பதிலாய்யா? அது கடலைப் பத்தின தகவல். நம்மகிட்ட கேட்டது பார்வையாளரைப் பத்தி. கடலோரத்துல இருக்கறவன் பார்வையாளனே இல்ல, அவன் குடியிருக்கறவன். வெளியூர்லேர்ந்து போறவன்தான் பார்வையாளன். அப்போ கடல் எவ்வளவு தூரமோ அவ்வளவு சுத்தமான பார்வையாளன். இந்த விஷயத்துல நம்ம தாலுகாவை அடிச்சுக்க ஆள் கிடையாது."

இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று நான் அன்று தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.

பயிற்சியைக் கடற்கரையிலேயே நடத்த வேண்டும் என்றும் சுற்றறிக்கையில் இருந்தது. ஆகவே ஒரு கடற்கரை தேவைப்பட்டது. அருணகிரி ஒரு மதியம் ஜீப்பில் போய்ச் சேவூரில் இடம் பார்த்து வந்தார். நெசவுத் தெருவை ஒட்டி நீளவாக்கில் ஒரு மேடு பள்ளமில்லாத வெற்றுத் தரை. இரண்டு முனையிலும் கல்தூண்கள். அதற்குப் பாவடி என்று பெயர். சேலைக்கான நெடுக்கு இழைகளை, அதாவது பாவை, தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அங்கேதான் விரிப்பார்கள். விடியற்காலையில் ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை இருபது கஜத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரஷ்ஷால் நீவிக்கொண்டே இளவெயிலில் காயவைப்பார்கள். பாவு விரித்திருக்கும் நேரத்தில் அந்தத் தெருவின் குணமே மாறிவிடும். யாரும் குறுக்கே போகமாட்டார்கள். நாயை வெளியே விடமாட்டார்கள். பீடி பிடிப்பவன் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்து, சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அருணகிரி பார்த்தது மதியம் மூன்று மணிக்கு. மூன்று மணிக்கு அது புறம்போக்கு.

கமண்டல நாகநதியிலிருந்து மணல் வந்து இறங்கியது. அன்று சாயங்காலமே குப்புராஜ் அலுவலகத்துக்கு வந்தார். பாவடியின் மேற்கு முனையை ஒட்டியது அவர் வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை எச்சிலை விழுங்கிக்கொள்ளும் பழக்கம். பதினோரு வருஷம் அடுத்தவர் தறியில் நெய்தவர். அந்த மாதம்தான் நெசவாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, அவர் வீட்டிலேயே தறி போட அனுமதித்து, முதல் பாவுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்திருந்தார்கள். பங்குனி முடிவதற்குள் சேலையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு இடம் போய்விடும் என்று சங்கச் செயலாளர் ரங்கசாமி சொல்லியனுப்பியிருந்தார். வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். இதையெல்லாம் குப்புராஜ் ஒரு புகார் போலச் சொல்லவில்லை. மணலை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்பதற்குக் காரணமாகச் சொன்னார்.

மூன்று நாள் என்றார் அருணகிரி.

"மூணு நாள்தானே சார், கெடக்கட்டும்," என்றார் குப்புராஜ். மறுநாள் அவரே மண்வெட்டி கொண்டுவந்து மணலை நிரவியும் கொடுத்தார்.

சங்கத்து உறுப்பினர்கள் வீட்டுக்கு இரண்டு பேராகப் பயிற்சிக்கு வர வேண்டும், சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பட்டு கிடையாது என்று ரங்கசாமி அறிவித்தார். அப்படி அறிவிக்கும்படி அவருக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போயிருந்தது. ஆமை கரையேறுவது இரவில். ஆனால் அருணகிரி வேலூரிலிருந்து வந்துபோகிறவர், ஐந்து நாற்பது பஸ்ஸைத் தவறவிடமாட்டார். எனவே பகல் பதினோரு மணிக்கு எல்லார் கண்ணிலும் கறுப்புத் துணியைக் கட்டி இரவை ஏற்படுத்தினோம். சாயப்பட்டறை ஒன்றிலிருந்து வாங்கி வந்த தாமிரக் கொப்பரையை மணலில் கவிழ்த்து ஆமையாக வைத்தோம். அதன் பின்புறம் ஒரு குழி. குழியில் முட்டைகளுக்காக நூறு எலுமிச்சம்பழம்.

இருபது இருபது பேராக, கண்ணைக் கட்டிக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு, ஆமையின் பின்பக்கமாக ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். வெயிலில் கொப்பரை அடுப்பில் வைத்தது போல் கொதித்தது. தெரியாமல் கை பட்டவர்கள் அலறினார்கள். ஆமையைத் தொட்டதற்கு ஒரு குறை, அதன் எதிரில் சத்தம் போட்டதற்கு ஒரு குறை என்று நான் இரண்டு பத்தியில் குறித்துக்கொண்டேன். கையில் கொப்புளம் வந்தவர்களுக்கு என்ன குறிப்பது என்று படிவத்தில் இல்லை.

குப்புராஜ் மட்டும் அந்த நீளம் முழுவதும் ஒரு பழம்கூட அசையாமல் நடந்து போய்த் திரும்பி வந்தார். வரும் வழியில், முந்தின ஆள் கால் பட்டுச் சரிந்திருந்த பள்ளத்தைக் காலால் தடவி உணர்ந்து, குனிந்து கையால் மூடிவிட்டும் வந்தார். எப்படி முடிந்தது என்று அருணகிரிக்கே ஆச்சரியம்.

"பாவு பக்கத்துல நடக்கற மாதிரிதான் சார்," என்றார் குப்புராஜ்.

அவருடைய மனைவி கன்னியம்மாவும் அதே வரிசையில் இருந்தார். கண்கட்டை அவிழ்த்ததும் கேட்டார். "அது இந்த ஊருக்கு வராது இல்லீங்களா சார். அப்போ நாங்க வழி உட்டா இன்னா, உடாங்காட்டி இன்னா?"

அருணகிரிக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் நின்றுகொண்டு பதில் சொன்னார். "வந்தப்புறம் பொறுப்பா இருக்கறது கட்டாயம்மா. வராதப்பவே பொறுப்பா இருக்கறதுதான் பண்பாடு." பிறகு எல்லாருக்குமாக ஒரு பிரசங்கம் செய்தார். பிரசவத்துக்கு வந்த தாயாக ஆமையை நினைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இரண்டு முறை சொன்னார்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் முனியம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பாவடி நுழைவில் நட்டிருந்த கழிகளில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. பிள்ளை பெற்ற வீடு என்று தெரிந்ததும் அடுத்த குழுவில் வந்த பெண்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே போனால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக முடியும் என்றார்கள். ஆண்களும் அதைச் சாக்காக வைத்துத் திரும்பிப் போனார்கள். அருணகிரி முனியம்மாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். முனியம்மா வாயால் சொன்னதை நான் எழுதினேன். "பெத்துகினு கீறவ வூட்டுக்குப் பதினோரு நாள் கழிச்சிதான் சார் போவாங்க. பெத்துகினு கீதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அருணகிரி விளக்கத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். பதினோரு நாள் கடற்கரை சும்மா கிடந்தது. பன்னிரண்டாம் நாள் கொப்பரை மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார்கள். கோப்பில் அதை 'கடல்நீர் தெளிப்பு' என்று எழுதினேன். அதற்குள் குழியில் இருந்த எலுமிச்சம்பழங்கள் அழுகி, பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை பிடித்து, ஈ மொய்த்து, அந்தப் பக்கம் போகவே குமட்டியது. பழத்தை மாற்ற அனுமதி இல்லை. முட்டையைத் தொடக்கூடாது என்பது விதி. மிச்சக் குழுக்கள் அந்த நாற்றத்திலேயே பயிற்சி முடித்தன. மொத்தம் இருநூற்றுப் பதினாலு பேர் தேறினார்கள். அறிக்கை போயிற்று.

மணலை எடுத்துவிடுவார்கள் என்று குப்புராஜ் காத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வந்த பதிலில் முதல் பத்தி பாராட்டு. பயிற்சி கடற்கரையில் நடந்ததாக அறிக்கை சொல்வதால் மேற்படி இடம் கடற்கரைப் பதிவேட்டில் சேர்க்கப்படுகிறது என்பது இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தி, பருவகாலக் கட்டுப்பாடுகள் அனைத்தும் அங்கே உடனே அமலுக்கு வருகின்றன, வாரந்தோறும் கரையேறிய ஆமைகளின் எண்ணிக்கையை இணைத்துள்ள படிவத்தில் அனுப்ப வேண்டும் என்றது. பாவடியைச் சுற்றி முள் கட்டினோம். எல்லப்பன் என்கிற ஆளைக் காவலுக்குப் போட்டோம். பாவடியைப் பார்த்த வீடுகளில் பொழுது சாய்ந்தால் விளக்கு கூடாது. குப்புராஜ் தன் வீட்டு வாசலில் இருந்த குண்டு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார், ரசீதுகூடக் கேட்காமல். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் படிவத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன். மாசி பிறந்தது.

குப்புராஜ் தினமும் வர ஆரம்பித்தார். கீழே மாடிப்படி அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே வந்து கூப்பிடும்வரை சுவரோரம் நிற்பார். மற்ற தெருக்களின் பாவடிகளில் அந்தந்தத் தெருக்காரர்களுக்கே கல்யாணச் சேலை வேலை நெருக்கியது. முறை கிடைக்கச் சித்திரை ஆகிவிடும். பெரிய சாலையில் விரிக்கலாமென்றால் டவுன் பஸ் ஓடுகிறது. அவர் கேட்டது ஒரே ஒரு விடியற்காலை.

பார்வையாளராகக் கடற்கரைக்குள் போக அவருக்குச் சான்றிதழ் இருக்கிறது, தடையில்லை என்றார் அருணகிரி. ஆனால் பாவைக் கொண்டுபோக முடியாது.

"அது பட்டு நூலு சார்."

"நூல்தான். எத்தனை நூல்?"

"நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி சார்."

"நாலாயிரம் நூலை நீளமா இழுத்து, ரெண்டு பக்கமும் கட்டி, கரையில விரிக்கற. அதுக்குப் பேரு வலை. பருவத்துல கரையில வலை விரிக்கக்கூடாது. மாட்டிக்கிட்டா அந்த ஜீவன் என்னா ஆவும்?"

குப்புராஜ் எச்சிலை விழுங்கினார். அவர் உண்மையாகவே அந்த ஜீவனை நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, அது வந்தால் தானே பாவை அறுத்து விட்டுவிடுவதாகச் சொன்னார். நான் குனிந்து எதையோ எழுதுவது போல் பாவனை செய்தேன்.

பங்குனி இரண்டாம் வாரத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அன்று மண்டல அதிகாரி கந்தசாமி வருவதாக இருந்தது. ஆறு வாரமாக 'இல்லை' என்றே போய்க்கொண்டிருந்த படிவத்தைப் பற்றி விசாரிக்க வருகிறார். அதற்காக அருணகிரி முந்தின இரவே என்னோடு ஆரணி அலுவலகத்தில் தங்கியிருந்தார். காலை ஆறரைக்கு எல்லப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து, கடற்கரையில் வலை விரித்திருக்கிறார்கள் என்றான். நாங்கள் போனோம்.

குப்புராஜும் கன்னியம்மாவும் சொந்தக்காரர்கள் ஆறு பேரும் மணலின் மேல் பாவை விரித்து முடித்திருந்தார்கள். முள்ளை ஓரிடத்தில் மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நகர்த்தியிருந்தார்கள். விளக்கு இல்லை. எல்லார் காலும் வெறுங்கால். காலடிகள் ஒரே வரிசையாக, கொப்பரைக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. கஞ்சிப் பானையை மணலில் வைக்காமல் ஒருவர் கையில் ஏந்தி நின்றார். யாரும் பேசவில்லை. உலகத்தில் எந்தக் கடற்கரைக்கும் இத்தனை பொறுப்பாக யாரும் போயிருக்கமாட்டார்கள். குங்கும நிறப் பட்டு, கஞ்சி ஈரத்தோடு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அசையாமல் நின்றது.

"யாரும் எதையும் தொடக்கூடாது," என்றார் அருணகிரி. "மண்டல அதிகாரி வர்ற வரைக்கும் இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும்."

குப்புராஜ் கையில் பிரஷ்ஷோடு நின்றார். "சார், கஞ்சி காயுது சார். ஒரு தபா நீவிக்கறேன். அப்பால நீங்க எங்க நிக்கச் சொன்னாலும் வந்து நிக்கறேன்."

"காயட்டும்யா. காஞ்சாத்தான் சாட்சியம் கெடாம இருக்கும்."

எட்டு மணிக்குக் காற்று எழுந்தது. அது பலமான காற்றுகூட இல்லை. ஆற்று மணலில் உள்ள பொடி மட்டும் எழுந்து, ஈரப் பட்டின் மேல் உட்கார்ந்தது. முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மங்கியது. பிறகு இழைகள் நாலு நாலாக, பத்துப் பத்தாக மண்ணோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டன. வெயில் ஏற ஏறக் கஞ்சி இறுகியது. குப்புராஜின் கை இரண்டு முறை தானாக நீண்டது. இரண்டு முறையும் எல்லப்பன் கழியைக் குறுக்கே நீட்டினான், அடிக்கவில்லை. ஒன்பதரைக்குமேல் குப்புராஜ் கையை நீட்டவில்லை. பத்து மணிக்குப் பட்டு சேற்று நிறமாகிவிட்டது. கன்னியம்மா ஓர் இழையை நகத்தால் சுண்டினார். அது அறுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இருபது அடி தூரத்தில் நின்ற எனக்கு அது கேட்டிருக்க முடியாதுதான்.

கந்தசாமி பதினொன்றரைக்கு வந்தார். மணலில் பத்தடி நடந்ததும் ஷூவுக்குள் மண் போய்விட்டது. ஜீப்பின் படியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி உதறினார். முனியம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் காலில் ஊற்றினார். அவர் ஒவ்வொரு விரலிடுக்கையும் நிதானமாகத் தேய்த்துக் கழுவினார். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அழுக்குத் தண்ணீர் தெருவில் ஓடிப் பாவு கட்டியிருந்த கல்தூணின் அடியில் போய் நின்றது. பிறகு அவர் பேசினார்.

"ஆறு வாரமா ஒரு ஆமைகூட வரலைன்னா அதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, கடற்கரை சரியில்ல. இல்லன்னா பார்வையாளர் சரியில்ல. கடற்கரையை அமைச்சது நாம. அதனால அது சரியாத்தான் இருக்கும்."

மூன்றாவது ஒரு காரணம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அது என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கியபோது தொண்டையில் தவிட்டின் ருசி இருந்தது. நான் அதிகம் பேசாதவன் என்று அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர்.

ஆமைகளின் வருகையைத் தடுத்ததற்குக் குப்புராஜ்தான் காரணம் என்று விசாரணை பத்து நிமிஷத்தில் முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த முடிவில் ஒரு சங்கடம் இருந்ததை அருணகிரி கவனித்தார். யார் காரணமாக இருந்தாலும் படிவத்தில் 'இல்லை' என்றுதானே இருக்கும். அவர் கந்தசாமியின் காதில் ஏதோ சொன்னார். கந்தசாமி பாவைப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது.

என்னை ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதச் சொன்னார்கள். அருணகிரி சொல்லச் சொல்ல எழுதினேன்.

'மேற்படி நாள் விடியற்காலை சுமார் ஐந்தரை மணிக்கு நான் மேற்படி கடற்கரைக்குப் பொறுப்புள்ள பார்வையாளராகச் சென்றிருந்தபோது, கடலாமை ஒன்று கிழக்கிலிருந்து கரையேறி வந்து, குழி பறித்து, என்னுடைய பாவின் மீது மணலை வாரி இறைத்துவிட்டுத் திரும்பிச் சென்றது. நான் வெளிச்சம் காட்டவில்லை. குறுக்கே போகவில்லை. தொடவில்லை. பாவு கெட்டதற்கு மேற்படி ஆமையே காரணம்.'

இதில் எல்லாருக்கும் நன்மை இருப்பதாக அருணகிரி விளக்கினார். படிவத்தில் 'ஒன்று' என்று எழுதலாம். குப்புராஜ் மீது குற்றம் இல்லை. ஆமை கெடுத்த பாவுக்குச் சங்கம் அவரைக் கேட்க முடியாது. வேறு பட்டு கொடுத்தாக வேண்டும்.

கன்னியம்மா கணவனின் பக்கத்தில் வந்து நின்றார். "பாக்காததைப் பாத்தேன்னு எழுதிக் குடுக்காத. பாவு போனா போவட்டும். ரங்கசாமி கால்ல போய் நான் உழறேன்."

குப்புராஜ் அவரைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அங்கே இருந்த உத்தியோகஸ்தர்களில் சத்தம் போடாதவன் நான் ஒருவன்தான். அதனால் என்னை நல்லவன் என்று நினைத்துவிட்டார்.

"இன்னா சார் பண்றது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் மௌனம் எப்போதுமே யோசனை போலத்தான் தெரியும். பிறகு சொன்னேன். "போட்டுடுங்க. இதோட முடிஞ்சுடும்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "அது எவ்ளோ பெருசு சார் இருக்கும்? யாராச்சும் கேட்டா சொல்லணும் இல்ல," என்றார். அருணகிரி கொப்பரையைக் காட்டினார். குப்புராஜ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

சங்கத்தில் அந்த வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே வாரம் எங்கள் அலுவலகத்துக்கு இன்னொரு உத்தரவு வந்தது. ஒரு முறை முட்டையிட்ட கரைக்கே ஆமை மறுபடியும் தேடி வரும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆகையால் மேற்படி கடற்கரை நிரந்தரமாக மூடப்படுகிறது. அதைச் சுற்றி நூறடிக்குள் தரையை அதிரவைக்கும் எந்தத் தொழிலும் கூடாது. தறியில் இழையை நெருக்கப் பலகையால் அடித்து நெய்யும்போது தரை அதிர்கிறது. நூறடிக்குள் இருந்தது ஒரே ஒரு தறி.

ரங்கசாமி வருத்தத்தோடுதான் சொன்னாராம். "உன் மேல தப்பு இல்ல குப்புராஜ், சங்கமே ஒத்துக்குது. ஆனா தறி ஓடக்கூடாத வூட்டுக்குப் பட்டை எப்படிக் குடுக்கறது, நீயே சொல்லு."

குப்புராஜ் நேராக என்னிடம் வந்தார். தான் ஆமையைப் பார்க்கவில்லை என்று எழுதித் தரும்படி கேட்டார். அவர் உட்காரவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. நான் அவரை அருணகிரியிடம் அழைத்துப் போனேன். அருணகிரி அன்று போண்டாவுக்குப் பதிலாக வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வராத ஆமையை நாம வரவழைக்கலாம்ப்பா. அது நிர்வாகம். வந்த ஆமையைத் திருப்பி அனுப்ப நமக்கு அதிகாரம் கிடையாது," என்றார். பொய் வாக்குமூலம் கொடுத்ததாக ஒப்புக்கொண்டால் தண்டனை உண்டு என்பதையும் நல்லெண்ணத்தோடு எடுத்துச் சொன்னார்.

குப்புராஜ் படியிறங்கிப் போனார். கீழே மண்டியில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் செருப்பைத் தேடி எடுத்துத் தூசு தட்டிப் போட்டுக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அருணகிரி அந்த வருஷமே பதவி உயர்வு பெற்றுத் தர்மபுரிப் பக்கம் ஒரு கடற்கரை அமைக்கப் போனார். கந்தசாமி ஓய்வு பெற்று, சில வருஷம் கழித்துச் சர்க்கரை வியாதியில் இறந்தார். எல்லப்பன் பாவடிக்கு நிரந்தரக் காவலாளி ஆனான். முனியம்மாவை, அலுவலகத்தை மூடியபோது நிறுத்திவிட்டார்கள். ரங்கசாமி பிறகு இரண்டு முறை சங்கத் தலைவரானார். சங்கத்தில் குப்புராஜின் இடம் வரிசையில் அடுத்து நின்றவருக்குப் போயிற்று. குப்புராஜ் பெங்களூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் கூலிக்குச் சேர்ந்தார். ஊருக்கு வருவது குறைந்து, பிறகு நின்றது. கன்னியம்மா சேவூரிலேயே இருந்து அடுத்த வீடுகளுக்கு நூல் இழைத்துக் கொடுத்தார். என்னைத் தெருவில் பார்த்தால் பேசமாட்டார். எனக்கு அந்த வாக்குமூலத்தின் நடைக்காக ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. நான் வேறு துறைக்கு மாறி, முழுப் பணிக்காலமும் முடித்து ஓய்வு பெற்றேன். ஆமை எதுவும் வரவில்லை.